சிமுலேஷனை 3டி பிளான்டோடு இணைப்பது எப்படி: ஒரு எக்ஸ்சேஞ்சரை வைத்து முழு வழிகாட்டி

திருவொற்றியூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கிற அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்ளமோ கெமிக்கல் முடித்தவர்களுக்குப் பிராசஸ் சிமுலேஷன், அதாவது பிளான்ட் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதை, சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் மணலித் தொழிற்சாலைகளில் அப்ரென்டிஸ். ஒருநாள் ஃப்ளோஷீட்டை (கருவிகளையும் அவற்றுக்கு இடையே ஓடுவதையும் இணைத்துக் காட்டும் கணக்குப் படத்தை) ஓட்டிக் காட்டி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்: "சார், கணக்கு வந்துடுச்சு, சரி. ஆனா இந்த எக்ஸ்சேஞ்சர் தரையில இருக்கா, மேல இருக்கா, வால்வு எந்தப் பக்கம்னு எதுவுமே இதுல தெரியலையே?"

நியாயமான கேள்விதான். சிமுலேஷனில் எக்ஸ்சேஞ்சர், அதாவது ஒரு திரவத்தின் வெப்பத்தை இன்னொன்றுக்கு மாற்றும் கருவி, ஒரு வட்டமும் நாலு கோடும்தான். பிளான்டின் 3டி மாடலிலோ குழாய், ஏணி, கைப்பிடி எல்லாம் இருக்கும், ஆனால் உள்ளே ஒரு சொட்டு திரவம் ஓடாது. இரண்டையும் கோத்தால், வால்வைப் பாதி மூடினால் என்ன ஆகும் என்று அந்த இடத்திலேயே நின்று பார்க்கலாம். விர்ச்சுவல் இன்ஜினியரிங் என்பதன் சாரம் அவ்வளவுதான்.

இது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான விஇ-சூட் இதைத்தான் செய்தது. கணக்குப் போடும் பகுதி, படம் காட்டும் பகுதி, மனிதன் கைவைக்கும் பகுதி என்று மூன்றையும் தனித்தனியாக வைத்து, ஆஸ்பென் பிளஸ் போன்ற சிமுலேட்டரைக் கணக்குப் பகுதியில் செருகிக்கொள்ளலாம். இன்றைக்கு நாம் வேறு கருவிகளைக் கையில் எடுத்தாலும் அந்த மூன்று துண்டுப் பிரிப்பை மாற்றவேண்டிய அவசியமில்லை.

இணைக்கும் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். எங்களுக்கு ஆறு ஞாயிறு பிடித்தது. மீதி ஐந்தும் எங்கே போயின என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

என்னென்ன வேண்டும்

சிமுலேட்டருக்கு டிடபிள்யூசிம் எடுத்துக்கொண்டோம். இலவசம், திறந்த மூலம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம் இதை நம் கல்லூரிகளில் பரப்பிவருவதால், மாணவர்களில் சிலர் முன்பே தொட்டிருந்தார்கள். 3டி பக்கம் கோடோ என்ஜின், அதுவும் இலவசம். நடுவில் பாலமாகப் பைதான். 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும்.

உங்களிடம் ஆஸ்பென் பிளஸோ ஹைசிஸோ இருந்தால் முறை ஒன்றேதான், கதவு மட்டும் வேறு. அவை இரண்டையும் விண்டோஸின் காம் ஆட்டோமேஷன் (ஒரு நிரல் இன்னொரு நிரலை இயக்கும் வசதி) வழியாக வெளியிலிருந்து இயக்கலாம். ஆஸ்பென் பிளஸில் எல்லா மதிப்புகளும் ஒரு மரம்போல அடுக்கியிருக்கும். ஸ்ட்ரீம் (ஒரு குழாயில் ஓடுவது), அதன் உள்ளீடு, அதன் வெப்பநிலை என்று கிளை கிளையாக இறங்கிப் போய் எடுக்கவேண்டும். ஹைசிஸில் ஒரு எச்சரிக்கை: இன்னும் கணக்கிடப்படாத மதிப்பைக் கேட்டால் -32767 என்ற எண் வரும். அதை வடிகட்டாமல் 3டி திரைக்கு அனுப்பினால், ஒரு குழாய் திடீரென்று மைனஸ் 32,767 டிகிரியில் ஜொலிக்கும்.

கேப்-ஓப்பன் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1997-இல் ஐரோப்பாவில் தொடங்கிய நல்ல தரநிலை அது. ஆனால் அதன் முக்கிய வேலை, ஒருவர் எழுதிய யூனிட்டையோ பிராப்பர்ட்டி பேக்கேஜையோ (பொருள்களின் பண்புகளைக் கணக்கிடும் பகுதி) இன்னொருவரின் சிமுலேட்டருக்குள் செருகுவது. சிமுலேட்டரை வெளியே இருக்கும் 3டி உலகத்தோடு பேசவைக்க ஆட்டோமேஷன் கதவுதான் நேர்வழி.

முதல் படி: ஒரே ஒரு எக்ஸ்சேஞ்சர்

முழு யூனிட்டையும் ஒரேயடியாக இணைக்கப் பார்க்காதீர்கள். நாங்கள் எடுத்தது ஒரு டொலுவீன் கூலர். மணிக்கு 10,000 கிலோ டொலுவீன் 90 டிகிரியில் வருகிறது, 45 டிகிரியில் வெளியே போகவேண்டும். கூலிங் டவர் தண்ணீர் 32 டிகிரியில் நுழைந்து 40-இல் வெளியேறும். 32 ஏன் என்று கேட்டால், எண்ணூர், மணலிப் பக்கத்துக் கடற்காற்றில் ஈரம் அதிகம். ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) கீழே எந்தக் கூலிங் டவராலும் தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. புத்தகத்தில் இருக்கும் 25 டிகிரித் தண்ணீர் நமக்கு மே மாதத்தில் கிடைக்கிற சங்கதி இல்லை.

கணினியைத் தொடுவதற்கு முன் இதைக் கையால் போடுங்கள். டொலுவீனின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு டிகிரிக்குச் சுமார் 1.8 கிலோஜூல். அப்படியானால் எடுக்கவேண்டிய வெப்பம் சுமார் 225 கிலோவாட். அதற்குத் தண்ணீர் மணிக்கு ஏறக்குறைய 24,200 கிலோ. எதிரெதிர் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் மடக்கை முறையில் சராசரி வெப்பநிலை வித்தியாசம் 27.5 டிகிரி. வெப்பக் கடத்துக் கெழு, அதாவது யூ, சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 500 வாட் என்றால் பரப்பு 16.4 சதுர மீட்டர். இந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். பின்னால் திரையில் வரும் எண்களை நம்புவதா வேண்டாமா என்று இதுதான் சொல்லும்.

அப்புறம் இதையே டிடபிள்யூசிமில் வரையுங்கள். பண்புகளைக் கணக்கிட டொலுவீனுக்குப் பெங்-ராபின்சன் சமன்பாடு, தண்ணீர் ஸ்ட்ரீமுக்கு ஸ்டீம் டேபிள். ஸ்ட்ரீமுக்கும் எக்ஸ்சேஞ்சருக்கும் நீங்கள் இடும் பெயரைக்கொண்டுதான் பாலம் அவற்றைத் தேடும். அதனால் பிளான்டில் போர்டில் எழுதியிருப்பதுபோல இ-101 என்று வையுங்கள். பின்னால் யாராவது அழகுக்காக "டொலுவீன் கூலர்" என்று மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும்.

எங்களைக் கவிழ்த்த இடம்

மூன்றாம் ஞாயிறே எல்லாம் ஓடியது. 3டி-யில் எக்ஸ்சேஞ்சர் நின்றது, தண்ணீர் வால்வுக்கு ஒரு ஸ்லைடர், டொலுவீன் வெளிக்குழாயின் மேல் வெப்பநிலை எண். பெருமையாக இருந்தது. முப்பது வருஷம் பேனல் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மவுஸைக் கொடுத்தோம். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இன்னா தம்பி இது? தண்ணிய பாதி மூடிட்டேன், உன் டொலுவீன் 45-லயே நிக்குதே. எந்த ஊர் எக்ஸ்சேஞ்சர் இது?"

"இருங்கண்ணே, பார்க்கிறேன்" என்று பாலத்தில் தவறு தேடினேன். ஒன்றும் இல்லை. மதிப்பு சரியாகத்தான் போயிருந்தது, சிமுலேட்டர் சரியாகத்தான் கணக்கிட்டிருந்தது. தவறு எக்ஸ்சேஞ்சரின் கணக்கு முறையில். நான் டிசைன் செய்த பழக்கத்தில், டொலுவீன் வெளி வெப்பநிலை 45 என்று உள்ளீடாகக் கொடுத்துவைத்திருந்தேன். தண்ணீர் குறைந்ததும் சிமுலேட்டர் சொன்னபடி கேட்டு டொலுவீனை 45-இலேயே நிறுத்தி, தண்ணீரின் வெளி வெப்பநிலையை 48 ஆக்கி, தேவைப்படும் பரப்பை உள்ளுக்குள் கூட்டிக்கொண்டது. அதாவது எங்கள் எக்ஸ்சேஞ்சர், வால்வைத் திருகும்போதெல்லாம் சத்தமில்லாமல் பெரிதாகிக்கொண்டிருந்தது!

சிமுலேஷன் இணைப்பில் ஆகப் பொதுவான பிழை இது என்பேன். டிசைன் கேள்வியில் விளைவு தெரியும், கருவியின் அளவைத் தேடுகிறோம். 3டி பிளான்டில் நிற்பவருக்குக் கருவி ஏற்கெனவே அங்கே போல்ட் போட்டு நிற்கிறது, விளைவைத்தான் தேடுகிறார். எனவே இணைப்பதற்கு முன், ஒவ்வொரு யூனிட்டையும் திறந்து, பரப்பும் யூ-வும் கொடுத்தால் இரண்டு வெளி வெப்பநிலையையும் கணக்கிடும் முறைக்கு மாற்றுங்கள். பம்ப்புக்கும் இப்படித்தான்: வெளி அழுத்தத்தைக் கொடுக்காமல் பம்ப்பின் கர்வைக் (ஓட்டத்துக்கு ஏற்ப அழுத்தம் மாறும் வரைகோடு) கொடுங்கள். வால்வுக்கு அழுத்த இழப்பைக் கொடுக்காமல் சிவி-யும் (வால்வு எவ்வளவு ஓட்டத்தை விடும் என்ற எண்) திறப்புச் சதவீதமும்.

மாற்றியபின் தண்ணீரைப் பாதியாக்கினால் டொலுவீன் 46.8 வந்தது. அண்ணன் அதற்கும் திருப்தியாகவில்லை. "இன்னும் ஏறும்" என்றார். அவர் சொன்னதே சரி. தண்ணீரின் வேகம் குறைந்தால் யூ-வும் குறையும். நாங்கள் அதை 500-இலேயே ஆணி அடித்துவைத்திருந்தோம். ஓட்டம் அதிகம் மாறாத இடங்களுக்கு நிலையான யூ பரவாயில்லை. வால்வை விளையாடவிடப் போகிறீர்கள் என்றால், ட்யூப் அளவு முதலியவற்றைக் கொடுத்து ஷெல் அண்ட் ட்யூப் ரேட்டிங் முறையில் ஓட்டுங்கள். ட்யூப் உள்ளே வெப்பக் கடத்தல் வேகத்தின் 0.8 அடுக்குப்படி மாறும் என்பதை அது கணக்கில் கொள்ளும்.

இரண்டாம் படி: பேரேடு

பாலம் கட்டுவதற்கு முன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறக்கவேண்டும். நாங்கள் அதைப் பேரேடு என்போம். இரண்டு உலகத்துக்கும் நடுவே போகிற வருகிற ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வரி. 3டி-யில் அதன் பெயர், சிமுலேட்டரில் அதன் பெயர், போகிறதா வருகிறதா, திரையில் எந்த அலகு, சிமுலேட்டருக்கு எந்த அலகு, குறைந்தபட்சம், அதிகபட்சம். எங்கள் கூலருக்கு மொத்தமே ஏழு வரிதான். தண்ணீரின் உள் வெப்பநிலை, தண்ணீர் ஓட்டம், டொலுவீன் ஓட்டம், டொலுவீன் உள் அழுத்தம் ஆகிய நான்கும் சிமுலேட்டருக்குப் போகிறவை. இரண்டு வெளி வெப்பநிலையும் வெப்ப அளவும் திரும்பி வருகிறவை.

போகிற வரிகளில் வரும் ஸ்ட்ரீம்கள் ஃபீட் ஸ்ட்ரீமாக, அதாவது வெளியிலிருந்து நுழைபவையாக, மட்டுமே இருக்கவேண்டும். கணக்கில் பிறக்கும் ஸ்ட்ரீமில் நீங்கள் எதை எழுதினாலும் அடுத்த ஓட்டத்தில் அழிந்துவிடும், பிழைச்செய்திகூட வராது.

அலகுதான் பேரேட்டின் உயிர். டிடபிள்யூசிம் திரையில் நீங்கள் செல்சியஸ் வைத்திருக்கலாம். ஆனால் ஆட்டோமேஷன் வழியாகப் போனால் அது கெல்வின், பாஸ்கல், வினாடிக்குக் கிலோ என்றுதான் பேசும். 32 என்று அனுப்பினால் அதை 32 கெல்வின் என்று எடுத்துக்கொள்ளும், அதாவது மைனஸ் 241 டிகிரித் தண்ணீர். 305.15 என்று அனுப்பவேண்டும். மணிக்கு 24,200 கிலோ என்பது வினாடிக்கு 6.72.

அழுத்தத்தில் இன்னொரு குழி. நம் பிளான்ட்களில் யாரும் பாஸ்கல் பேசுவதில்லை. "லைன்ல மூணு கிலோ இருக்கு" என்பார்கள். அந்த 3 கிலோ, சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ, அதுவும் கேஜ் அழுத்தம், அதாவது வளிமண்டலத்துக்கு மேலே உள்ளது மட்டும். சிமுலேட்டருக்கு வேண்டியது முழு அழுத்தம். 3-ஐ 98,066.5-ஆல் பெருக்கி, 1,01,325 கூட்டினால் 3,95,525 பாஸ்கல். கூட்ட மறந்தால் ஒரு வளிமண்டல அழுத்தம் காணாமல் போகும். திரவக் கூலரில் அது தெரியவே தெரியாது. அடுத்த மாதம் ஒரு ஃப்ளாஷ் டிரம்மை (அழுத்தம் குறைந்து திரவத்தில் ஒரு பகுதி ஆவியாகும் கலம்) சேர்க்கும்போது, ஆவியாகும் அளவு தப்பாக வந்து தலைமுடியைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஆகவே அலகு மாற்றம் பாலத்தில் ஒரே ஓர் இடத்தில் நடக்கட்டும். 3டி பக்கம் ஒருவர், சிமுலேட்டர் பக்கம் ஒருவர் என்று ஆளாளுக்கு மாற்றக் கூடாது. எங்களுக்கு 273.15 இரண்டு முறை கூட்டப்பட்ட நாளும் உண்டு.

மூன்றாம் படி: பாலம்

டிடபிள்யூசிம் டாட்நெட்டில் எழுதப்பட்டது. பைதானிலிருந்து டாட்நெட்டைத் தொட பைதான்நெட் என்ற பொதி வேண்டும். நிரலுக்குள் இம்போர்ட் செய்யும்போது சிஎல்ஆர் என்று எழுதுவோம் என்பதால், பிப்பிலும் சிஎல்ஆர் என்று இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். அந்தப் பெயரில் வேறொரு பொதி இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வகுப்பில் எட்டுப் பேரில் மூன்று பேர் இதில் விழுந்தார்கள். பைதான் 64 பிட்டாக இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் வரிசை இது. டிடபிள்யூசிம் இன்ஸ்டால் ஆன ஃபோல்டரை நடப்பு ஃபோல்டராக மாற்றுங்கள், இல்லாவிட்டால் துணை டிஎல்எல் கோப்புகள் கிடைக்காமல் புரியாத பிழை வரும். டிடபிள்யூசிம் ஆட்டோமேஷன் டிஎல்எல்லைச் சேருங்கள். ஆட்டோமேஷன்3 என்ற கிளாஸிலிருந்து ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி, சேமித்துவைத்த ஃப்ளோஷீட்டை அதன்மூலம் ஏற்றுங்கள். பெயர் சொல்லி ஸ்ட்ரீமைக் கேட்டு வாங்கி, வெப்பநிலையையும் ஓட்டத்தையும் எழுதி, கணக்கிடச் சொல்லி, வெளி ஸ்ட்ரீமைப் படியுங்கள். சுமார் 30 வரி. இதை முதலில் தனியாக ஓட்டிப் பாருங்கள். சுவரில் ஒட்டிய தாளோடு ஒத்துவந்தபின்தான் அடுத்தது.

இந்த 30 வரியைச் சுற்றி ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைதான் நூலகம் கொண்டு ஒரு சின்ன சர்வர். 3டி பக்கத்திலிருந்து ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் எளிய உரை) வடிவில் உள்ளீடு வரும், ஜேசனாகவே விடை போகும். தொழிற்சாலைப் பாணியில் ஓபிசி யூஏ (கருவிகள் தரவு பரிமாறும் தரநிலை) வேண்டுமென்றால் அதற்கும் பைதானில் நூலகம் உண்டு. ஆனால் கற்றுக்கொள்ள எளிய வழி இதுவே போதும். ஓபிசி யூஏ-விலிருந்து ஒரு நல்ல பழக்கத்தை மட்டும் கடன் வாங்குங்கள்: அதில் ஒவ்வொரு மதிப்பும் தன் தரத்தையும் நேரத்தையும் சுமந்துகொண்டுதான் வரும்.

ஏனென்றால் சிமுலேஷன் எப்போதும் விடை தரும் என்பதில்லை. கன்வர்ஜ் ஆகாமல், அதாவது கணக்கு ஒரு விடையில் வந்து நிற்காமல், போகும். அப்போது வெளி ஸ்ட்ரீமில் பழைய மதிப்பே உட்கார்ந்திருக்கலாம். அதைப் படித்து அனுப்பினால், பார்ப்பவர் அதைப் புது விடை என்று நம்பிவிடுவார். கணக்கிடும் அழைப்பு திருப்பித் தரும் பிழைப் பட்டியலை ஒவ்வொரு முறையும் பாருங்கள். பட்டியல் காலியாக இருந்தால் மட்டும் "சரி". இல்லையென்றால் "தோல்வி", அதோடு கடைசியாகச் சரியாக வந்த மதிப்பும் அதன் நேரமும். 3டி-யில் தோல்வி மதிப்பைச் சாம்பல் நிறத்தில் காட்டினோம். பைதான் சில நேரம் 'எண் அல்ல' என்ற மதிப்பையும் தரும். ஜேசன் தரநிலையில் அதற்கு இடமே இல்லை, அனுப்பும்போது சர்வரே பிழை காட்டும். அதையும் தோல்வியாகவே மாற்றி அனுப்புங்கள்.

வரம்புகளை ஸ்லைடரில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், சர்வரிலும் வையுங்கள். தண்ணீர் 26 முதல் 36 டிகிரி, ஓட்டம் 40 முதல் 120 சதவீதம். பூஜ்ய ஓட்டத்தைச் சிமுலேட்டரிடம் கொடுக்கவேண்டாம். வால்வு முழுக்க மூடிய நிலையை 3டி பக்கமே தனியாகக் கையாளட்டும்.

அப்புறம் வரிசை. ஸ்லைடரை இழுத்தால் வினாடிக்கு அறுபது கோரிக்கை வரும். ஒரு ஃப்ளோஷீட்டை ஒரே நேரத்தில் இரண்டு பேர் கணக்கிடச் சொன்னால் மதிப்புகள் கலந்துவிடும். எனவே ஒரு பூட்டு, ஒரு நேரத்தில் ஒரு கணக்கு. காத்திருப்போர் வரிசையில் ஒரே ஓர் இடம்தான், புதிது வந்தால் பழையதைத் தள்ளிவிடும். கையை எடுத்து 300 மில்லிவினாடி ஆனபின்தான் கோரிக்கை அனுப்பு என்று 3டி பக்கம் ஒரு வரி எழுதினால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

நான்காம் படி: 3டி பக்கம்

இதில் எழுத அதிகமில்லை. பிளான்ட் வரைபடங்கள் மில்லிமீட்டரில், உயரம் இசட் அச்சில். கோடோவில் ஏற்றும் ஜிஎல்டிஎஃப் என்ற 3டி கோப்பு மீட்டரில், உயரம் ஒய் அச்சில். மாற்றாமல் ஏற்றினால் எக்ஸ்சேஞ்சர் ஆயிரம் மடங்கு பெரிதாகி, பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும். ஒவ்வொரு உருவத்துக்கும் பேரேட்டில் உள்ள பெயரையே கொடுங்கள். கோடோவின் ஹெச்டிடிபி நோட் கோரிக்கை அனுப்பும், விடை வந்ததும் குழாயின் நிறமும் எண்ணும் மாறும். நிறத்தோடு எண்ணையும் அவசியம் காட்டுங்கள். 45-க்கும் 47-க்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது, பிளான்டிலோ அந்த இரண்டு டிகிரிக்குத்தான் போன் வரும்.

வேகம் போதவில்லை என்றால்

ஒரு எக்ஸ்சேஞ்சருக்குக் கண்ணிமைக்கும் நேரம். டிஸ்டிலேஷன் கோபுரமும் ரீசைக்கிளும் சேர்ந்தால் ஓட்டம் பல வினாடி ஆகும், விஆர் கண்ணாடி மாட்டியவருக்கு அது யுகம். அதற்கு முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணை போட்டுவிடலாம். மூன்று உள்ளீடு, ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி என்றால் 343 ஓட்டம். ஓட்டத்துக்கு 2 வினாடி என்றால் டீ குடித்துவிட்டு வருவதற்குள், சுமார் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். இடைப்பட்ட மதிப்புக்கு அட்டவணையிலிருந்து இடைச்செருகிக்கொள்ளலாம். உள்ளீடு ஆறாகிவிட்டால் இந்த வழி செல்லாது, புள்ளிகள் லட்சத்தைத் தாண்டிவிடும்.

இன்னொன்று: இந்தப் பாலத்தை ஓடுகிற பிளான்டின் கண்ட்ரோல் சிஸ்டத்தோடு எக்காரணம்கொண்டும் நேராக இணைக்காதீர்கள். நிஜ மதிப்பு வேண்டுமென்றால் ஹிஸ்டோரியனிலிருந்து (பிளான்டின் பழைய மதிப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) எடுத்துக் கொடுத்த கோப்பு போதும், அதுவும் உரியவர்களின் அனுமதியோடு.

ஐந்தாம் படி: சோதனை

மூன்று சோதனை வைத்துக்கொண்டோம். அடிப்படை நிலையில் 45 வருகிறதா என்பது முதலாவது. இரண்டாவது, தண்ணீர் 32-இலிருந்து 34 ஆனால் டொலுவீன் சுமார் ஒன்றரை டிகிரி ஏறி 46.5-க்குப் போகவேண்டும். கையால் போட்டாலும் அதுதான் வரும். இது சரியாக வந்தால் கணக்கு முறை, அலகு, திசை மூன்றும் சரி. மூன்றாவது, உள்ளே போன வெப்பமும் வெளியே போன வெப்பமும் ஒன்றுதானா என்பது. சிமுலேட்டரை அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் இம்மூன்றையும் ஓட்டுங்கள். சர்வரை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் மெமரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். எங்களுக்கு ஏறியது. குறிப்பிட்ட ஓட்டங்களுக்கு ஒருமுறை ஃப்ளோஷீட்டை மூடித் திறக்கவைத்தோம்.

ஆறாம் ஞாயிறு அண்ணனை மறுபடி உட்காரவைத்தோம். தண்ணீரைக் குறைத்தார், ஏற்றினார், தண்ணீர் வெப்பநிலையை 35 ஆக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரி தம்பி. ஆனா புது எக்ஸ்சேஞ்சர்தான் இப்படிப் பேசும். ட்யூப்ல செதில் புடிச்சா?"

செதில் படிந்தால் யூ குறையும். பேரேட்டில் எட்டாவது வரி சேர்ந்தது: இ-101, யூ, போகிற மதிப்பு, குறைந்தபட்சம் 300, அதிகபட்சம் 500. ஸ்லைடரை 400-க்கு இழுத்தபோது டொலுவீன் 49.3 காட்டியது. "ம்… இதுக்குத்தான் ஷட்டவுன் கேப்போம்" என்றார்.